ஊரிலிருந்து வந்த அலமாரியும் சீமைச் சுண்ணாம்பு வர்ணமும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து லாரியில் வந்திறங்கிய அலமாரி ஒன்று இன்றும் இருக்கக் காண்கிறோம். பாட்டியார் பூஜைச் சாமான்களை வைத்துப் பூட்டிய அலமாரி அது. எண்ணெய் ஏறி, நிறம் மங்கி நிற்கும். அதற்குப் புதுப்பொலிவு தரப் பலர் இந்நாளில் நாடுவது 'சாக் பெயின்ட்' என்னும் சீமைச் சுண்ணாம்பு வர்ணமாகும். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற அம்மையார் 1990-ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தினார். நீரில் கலந்த வர்ணத்தில் சுண்ணப்பொடி மிகுந்திருப்பதால் பளபளப்பின்றிப் படிகிறது. பழைய பூச்சைச் சுரண்டாமலே பெரும்பாலும் பற்றிக்கொள்கிறது.

முதலில், வர்ணம் தீட்டத்தான் வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். நல்ல தேக்கு, ஈட்டி மரங்களின் ரேகையை மறைப்பதற்கு என் மனம் இசைவதில்லை. சித்திர வேலைப்பாட்டின் இடுக்குகளில் புகுந்த வர்ணத்தைப் பின்னர் எடுப்பது பெரும்பாடு. மெருகு தேய்ந்த சாதாரணப் பலகைச் சாமான்களுக்கே இது பொருத்தம்.

அடுத்தது, குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முன்பே வர்ணம் தீட்டிய சாமானை உப்புத்தாளால் உலரத் தேய்த்தால், அத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஓரங்களைத் தேய்த்துப் பழமைத் தோற்றம் வருவிப்பது இன்றைய நாகரிகம். அத்தகைய சாமான்களில் அதனை அறவே விட்டுவிடுக. பழைய பூச்சு உதிராமல் இருப்பின், அதன்மேலேயே தீட்டிவிடுவது நலம்.

சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்கு உலர விடுங்கள். சிறு துளைகளிலிருந்து மாவுபோல் பொடி உதிர்ந்தால் புழு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்திட்ட பின்னரே மேற்கொண்டு செல்லலாம். மஞ்சள், குங்குமக் கறையும் மரத்தின் சாயமும் வெண்ணிற வர்ணத்தின் வழியே பழுப்பாகக் கசிந்து வெளிப்படும். இரண்டு கை, மூன்று கை தீட்டினும் அவை மறையமாட்டா. மெழுகு நீக்கிய அரக்கைச் சாராயத்தில் கரைத்து ஒரு கை பூசினால் கசிவு நிற்கும். புரசு, இலந்தை மரங்களில் வாழும் பூச்சி தரும் இவ்வரக்கு ஜார்க்கண்ட் பகுதியில் மிகுதியாக விளைகிறது. ராஞ்சி நேயர்களுக்கு இது அண்டை வீட்டுப் பொருள்!

வர்ணத்தை இரண்டு கை மெல்லியதாகத் தீட்டுக. தில்லியின் மே மாத வெயிலில் அது தூரிகைக்கு முன்னே உலர்ந்து கோடு விழும்; காலை வேளையில், சிறிது நீர் கலந்து தீட்டினால் சமமாகப் படியும். மும்பை, கல்கத்தா வாசிகள் மழைக்காலம் கழியும் வரை பொறுத்தல் நன்று.

இவ்வர்ணம் தானாக ஈரத்தைத் தாங்காது. ஆதலின் மெழுகை மெல்லிய துணியால் சிறிது சிறிதாகத் தேய்த்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். உணவு மேசையாயின் மெழுகு போதாது. நீரில் கரையும் வார்னிஷ் பூசுங்கள். மெழுகு இறுகச் சில வாரங்கள் செல்லும். அதுவரையில் சூடான காபித் தம்ளரை அதன்மேல் வையாதிருங்கள்.