இணையத் தேடலும் ஆதாரத் தெளிவும்

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரமேறி வாழும் எண்காலியொன்று உண்டெனக் கூறும் இணையப் பக்கம் 1998ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அது முழுப் பொய். ஆயினும் படங்களும் ஆராய்ச்சி நடையும் அதற்கு மெய்யின் கோலத்தை அளித்தன. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் வாசிப்பில் வல்ல ஏழாம் வகுப்பு மாணவருக்கு அதனைக் காட்டியபோது பெரும்பாலோர் நம்பிவிட்டனர். வாசிக்குந் திறன் வேறு, ஆதாரத்தை எடைபோடுந் திறன் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

பிள்ளைகள் மாத்திரமோ? 2017இல் வெளிவந்த ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் வரலாற்றறிஞர் பதின்மரும், பல்கலைக்கழக மாணவர் 25 பேரும், செய்திகளின் மெய்ம்மையைச் சோதிக்குந் தொழிலினர் பதின்மரும் பங்குகொண்டனர். அறிஞர் பலரும் மாணவரும் பக்கத்தை மேலிருந்து கீழாக ஊன்றி வாசித்தே ஏமாந்தனர். சோதிப்போரோ அப்பக்கத்தை விரைவில் விட்டகன்று, அதனை வெளியிட்டோரைப்பற்றிப் பிறர் கூறுவதை முதலில் நாடினர். வகுப்பறையிற் பழக்கவேண்டியது இம்முறையையே.

தேடுசொல்லைத் தெரிதலும் கற்பிக்கத்தக்கது. நமது பாடசாலைகளில் இது பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றதென்பது என் கருத்து. கனடா நாட்டு நகரொன்றை நாம் ‘ரொறன்ரோ’ என எழுதுகின்றோம். தமிழகத்தார் ‘டொராண்டோ’ என்பர். ஒரு வடிவை மட்டும் இட்டுத் தேடும் மாணவனுக்கு மற்றைக் கரையார் எழுதியவை பல அகப்படாமற் போகலாம்.