வித்வன்சக்: திருச்சித் துப்பாக்கி ஏன் 25 கிலோ?

ஒரு சிப்பாய் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற துப்பாக்கி சுமார் 4 கிலோ இருக்கும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்த ‘வித்வன்சக்’ 25 கிலோவுக்குக் குறையாது. ஒரு அரிசி மூட்டை கனம்! ஏன் இவ்ளோ கனமா செஞ்சாங்க, அந்தக் கனமே பின்னால எப்படிப் பிரச்சினையாச்சு என்பதைப் பார்ப்போம்.

முதல்ல, இது ஆளை மட்டும் குறிவைக்கிற ஸ்னைப்பர் இல்லை. பங்கர், ரேடார், தரையில் நிற்கிற விமானம், எரிபொருள் டேங்க் மாதிரியானவற்றைத் தூரத்திலிருந்து அடிக்கிற ரகம். இந்தியா இதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டெனல் நிறுவனத்திடம் என்.டி.டபிள்யூ-20 துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருந்தது. 2005-ல் அந்த ஒப்பந்தத்தில் கமிஷன் குற்றச்சாட்டு எழுந்து, டெனலுடனான வியாபாரம் நிறுத்தப்பட்டது (தடை 2018-ல் நீங்கியது). அதே 2005-ல் திருச்சியில் சொந்தமாக ஒன்றைச் செய்யும் வேலை தொடங்கியது. 2007-ல் உற்பத்திக்கே வந்துவிட்டது. டெனல் துப்பாக்கியின் சாயல் இதில் நன்றாகவே தெரியும்.

இது ‘போல்ட் ஆக்‌ஷன்’ வகை. கதவுத் தாழ்ப்பாளை நினைச்சுக்கோங்க. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலி உறை வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். கீழே திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் இந்த வேலையைச் சுட்ட வேகமே செய்துவிடும், ஆனால் அதற்குக் கூடுதல் பாகங்கள் வேண்டும். ஒவ்வொரு சூடும் ஒரே மாதிரி இருக்கணும்னா கையால் பூட்டுகிற முறைதான் எளிது, உறுதி.

12.7 மி.மீ. தோட்டாவில் இது சுமார் 1,800 மீட்டர் வரை பயன்படும். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சானடோரியம் ஸ்டேஷன் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். அவ்வளவு தூரம் போகிற குண்டு கொடுக்கிற உதை சும்மா இருக்குமா?

ஒரு சின்னக் கணக்கு. குண்டின் எடை சுமார் 48 கிராம், வேகம் செகண்டுக்கு சுமார் 820 மீட்டர். வெடிமருந்து வாயுவை விட்டுட்டு, குண்டை மட்டும் எடுத்துக்கிட்டாலே, இதை 4 கிலோ துப்பாக்கியில் சுட்டால் துப்பாக்கி செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதாவது மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் தோளில் இடி! 25 கிலோவில் அது செகண்டுக்கு 1.6 மீட்டராகக் குறைகிறது. தோளில் இறங்குகிற ஆற்றல் ஆறில் ஒரு பங்குதான். ஆக, கனமே ஒரு ஷாக் அப்சார்பர். இதோடு, வாயுவைத் திருப்பிவிடுகிற மஸில் பிரேக் குழல் முனையில் இருக்கு. குழலும் சட்டகத்துக்குள் பின்னால் சறுக்கி உதையை வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. குழல், போல்ட், மேகசின், ஸ்கோப்பை மாற்றினால் இதே துப்பாக்கி 14.5 மி.மீ., 20 மி.மீ. தோட்டாக்களையும் சுடும். ஒண்ணு வாங்கினா மூணு மாதிரி. ஆனால் சட்டகம் 20 மி.மீ. உதையையும் தாங்கணுமே? அப்போ 12.7 மட்டும் சுடப்போகிற ஆளும் அந்தப் பெரிய சட்டகத்தைத்தான் சுமக்கணும்.

ராணுவத்துக்கு உறுத்தியது அதுதான். இரண்டாகப் பிரித்து இருவர் சுமக்கலாம். ஆனாலும் மலையேறும்போது தோட்டா, தண்ணீர், குளிருடை எல்லாம் சேர்ந்தால்? எல்லைப் பாதுகாப்புப் படை வித்வன்சக்கை வாங்கியது. ராணுவம் எடையைக் காரணம் காட்டி எடுத்துக்கொள்ளவில்லை. 2019 வாக்கில் காஷ்மீர் எல்லைக்கோட்டுக்கு ராணுவம் வாங்கியவற்றில் ஒன்று அமெரிக்காவின் பேரட் எம்95. அதுவும் போல்ட் ஆக்‌ஷன், அதுவும் 12.7 மி.மீ. வகைதான், எடை மட்டும் 10 கிலோ சொச்சம். ஒரே அளவுத் தோட்டாவுக்கென்று செய்தது என்பதால் அது சாத்தியம். உதை அதிகம், ஆனா தூக்கிட்டு நடக்கலாம்.

இதனால் வித்வன்சக் மோசமான துப்பாக்கி என்று ஆகிவிடாது. ஒரே இடத்தில் வைத்துக் காவல் காக்கிற எல்லைச் சாவடிக்கு 25 கிலோ பெரிய விஷயமில்லை. பாறையில் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் விஷயம். எவ்வளவு தூரம் சுடும் என்று கேட்கும்போதே, யார் அதை எவ்வளவு தூரம் சுமக்கப்போகிறார் என்றும் கேட்டாகணும்.