வழிதப்பி வந்த வாயில்லா ஜீவன்



இஸ்ரவேல் ஜனங்கள் கானானுக்குள் பிரவேசிக்குமுன் மோசே அவர்களுக்கு நினைப்பூட்டிய கட்டளைகளில் ஒன்று, காணாமற்போன மிருகத்தைப் பற்றியது. உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைத் திறந்து வாசியுங்கள். பிறனுடைய கால்நடை அலைந்து திரிவதைப் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடலாகாது. சொந்தக்காரன் யாரென்று தெரியாவிட்டால், அதைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்து, அவன் தேடி வரும்போது ஒப்படைக்கவேண்டும். யாத்திராகமம் 23:4 இன்னும் ஒருபடி மேலே போகிறது. நம்மைப் பகைக்கிறவனுடைய மிருகமானாலும் அதே கடமைதான்.

மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் வாழும் நமக்கு மாடும் கழுதையும் இல்லை. ஆனால் தீபாவளி வெடிச்சத்தத்திற்கு மிரண்டு ஓடிவந்த நாயும், வீடு மாறும் நாளில் திறந்துகிடந்த கதவு வழியாக இறங்கிவிட்ட பூனையும் நம் வாசற்படியில் வந்து நிற்பதுண்டு. அப்போது நாம் என்ன செய்கிறோம்?

இது ஆவிக்குரிய காரியமா?

சிலர் இப்படிக் கேட்பார்கள். தாவீதின் பாவத்தை உணர்த்தும்படி நாத்தான் சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள் (2 சாமுவேல் 12). ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டி அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது; அவன் உணவில் பங்கு பெற்றது; அவன் மடியிலே உறங்கியது; அவனுக்கு மகளைப்போல் இருந்தது. அதை இழந்தவனுடைய துக்கம் எத்தகையது என்பதை ராஜா உடனே உணர்ந்து கோபங்கொண்டான். வளர்ப்புப் பிராணியின்மேல் மனிதன் வைக்கும் அன்பை வேதம் அற்பமாக எண்ணவில்லை. நீதிமானின் இலக்கணத்தில், தன் மிருகத்தின் உயிரைப் பேணுவதையும் சாலொமோன் சேர்த்திருக்கிறார் (நீதிமொழிகள் 12:10).

ஜெபத்திற்குப் பதிலா?

மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறது. அவர்களுடைய பத்து வயது மகள் ஒரு நாய்க்குட்டிக்காக ஓராண்டு காலம் ஜெபித்துவந்தாள். மழைக்காலத்தில் ஒரு மாலை, சிறிய வெள்ளை நாயொன்று நனைந்து நடுங்கியபடி அவர்கள் வாசலில் ஒதுங்கியது. வீடே களிகூர்ந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் சாட்சி சொல்லவும் ஆயத்தமானார்கள்.

நாயின் கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை அழுத்திய தடம் உரோமத்தில் தெளிவாயிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டியபோது அந்தத் தாயார், “ஐயா, கர்த்தர் தந்ததை நாங்கள் ஏன் திருப்பிக் கொடுக்கவேண்டும்?” என்று கேட்டார்கள்.

“அம்மா, இன்னொரு வீட்டில் யாரோ ஒருவர் இதற்காக அழுதுகொண்டிருக்கலாம். ஒருவருடைய கண்ணீரை எடுத்து மற்றொருவருக்குப் பரிசாகக் கொடுக்கிறவரல்ல நம் ஆண்டவர்” என்றேன்.

பெற்றோருக்கு மராத்தியும் இந்தியும் பேச வரும், எழுத வராது. ஆகவே அறிவிப்பை எழுதவேண்டியவள் அந்தச் சிறுமியே. எந்த நாய்க்காக ஜெபித்தாளோ, அந்த நாயைத் தன்னிடமிருந்து பிரிக்கப்போகிற காகிதத்தைத் தன் கையாலேயே எழுதினாள். ஐந்தாம் நாள், இரண்டு தெரு தள்ளி வசிக்கும் வயதான விதவைத் தாயார் ஒருவர் வந்தார். காலமான அவருடைய கணவர் வளர்த்த நாய் அது. படிக்கட்டில் அவர் குரல் கேட்டதுமே நாய் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. சாட்சி கேட்க வேறொன்றும் தேவைப்படவில்லை.

அன்றிரவு சிறுமி சாப்பிடவில்லை. அவளுக்கு வேறு நாய் கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. கீழ்ப்படிதலுக்கு எப்போதும் உடனடிக் கைம்மாறு உண்டென்று பிள்ளைகளுக்குப் போதிக்காதிருங்கள். கைம்மாறு இல்லாமலும் செய்யவேண்டிய நீதி உண்டு என்பதை அவள் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டாள்.

நாட்டின் சட்டம்

வியப்பென்னவெனில், நம் தேசத்தின் சட்டமும் இதையே சொல்லுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவன், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவனுக்குரிய கடமைக்கு உட்பட்டவன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு, உரியவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல், அவருக்கு அவகாசமும் கொடாமல், கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமென்கிறது. சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணியும் ஒருவருடைய உடைமையே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, பாய்ந்து பிடிக்காதிருங்கள். பயந்த மிருகம் கடிக்கும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து, தண்ணீர் வைத்து, அது தானாக நெருங்கக் காத்திருங்கள். கடியோ கீறலோ பட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஜெபியுங்கள்; தடுப்பூசியைத் தள்ளிப்போடாதிருங்கள்.

இரண்டாவது, அது காணாமற்போனதுதானா என்று பாருங்கள். ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் என்பதற்கு அடையாளம். அந்தத் தெருவே அதன் வீடு.

மூன்றாவது, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அரிசி மணியளவான மைக்ரோசிப் சில பிராணிகளின் தோளருகே தோலுக்கடியில் செலுத்தப்பட்டிருக்கும். கருவியால் வருடினால் 15 இலக்க எண் தெரியும். அது இருப்பிடத்தைக் காட்டாது. எண்ணோடு உரிமையாளரின் விவரம் பதிவாகியிருந்தால் அவரைக் கண்டுபிடிக்கலாம்.

நான்காவது, ஊர் மொழியில் அறிவிப்பு எழுதுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் நம்மவர் மட்டுமே வாசிப்பர். காவலாளி, பால்காரர், பேப்பர் போடும் பையன், குடியிருப்புச் செயலாளர் ஆகியோரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் பகிருங்கள். காவல் நிலையத்திற்கும் தெரிவியுங்கள்.

ஐந்தாவது, ஏதேனும் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியிடாமல் வைத்திருங்கள். தேடி வருகிறவர் அதைச் சொல்லட்டும். பழைய புகைப்படத்தையோ தடுப்பூசிப் புத்தகத்தையோ காட்டட்டும். விற்பதற்காகப் பொய்யுரிமை கோருகிறவர்களும் உண்டு.

சத்தமில்லாத சாட்சி

ஒப்படைக்கும் வேளையில் பேரம் பேசாதிருங்கள். கைப்பிரதியை நீட்டுவதற்கும் அவசரப்படவேண்டாம். நாயைத் திரும்பப் பெற்றவருக்கு அந்நேரம் நாய் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். வேற்று மொழியும் வேற்று மதமும் கொண்ட அண்டைவீட்டார் நடுவில் நாம் பரதேசிகளாய்த் தங்கியிருக்கிறோம். “அந்த மதராசிக் குடும்பம் நேர்மையானது” என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் சுவிசேஷத்திற்குத் திறக்கப்பட்ட வாசலே.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் ஆட்டைத் தோள்மேல் சுமந்துவந்து, அயலகத்தாரையும் அழைத்து மகிழ்ந்தான். அப்படித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நாம். தேடுகிறவனுடைய வேதனை நமக்கு அந்நியமாயிருக்கலாகாது. இன்று உங்கள் வாசலில் ஒரு வாயில்லா ஜீவன் வந்து நின்றால், அது யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் இல்லங்களைத் தம்முடைய சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.