காய்ந்த சோப்பும் காசாகும்

சோப்புக் கட்டியைத் துண்டு போட்டு விற்பது நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன் மளிகைக் கடைகளுக்குப் புதிதல்ல. இன்று சோப்பு, மெழுகு, வண்ண மணல் ஆகியவற்றை வெட்டுவதையே கிட்டத்தில் படம்பிடித்து யூடியூபில் விடுகிறார்கள். மன இளைப்பாறுதலுக்காம்! விநாடிக்கு 240 படம் எடுத்து, 30 வீதம் ஓட்டினால் ஒரு விநாடி வெட்டு 8 விநாடி நீளும்.

இதில் நமக்கென்ன? புதுச் சோப்பு கத்தியில் ஒட்டும். உலர்ந்ததுதான் மொறுமொறுவென உதிரும். சோப்பு ஈரம் இழந்து எடை குறையும்; 'பேக் செய்தபோது எடை' என்று உறையில் அச்சிடுவது அதனால்தான். உறை கிழிந்து தேங்கிய சரக்கை, குறையைச் சொல்லியே விலை குறைத்து இந்த இளைஞர்களுக்குத் தரலாம். புதுச் சரக்கென்று தள்ளினால் வாடிக்கை போய்விடும். வெட்டிய தூள் வெந்நீரில் கரைத்தால் துணிக்கு ஆகும் என்றும் சொல்லி அனுப்புங்கள். பிளேடு கேட்டு வரும் சிறுவர்களுக்கு மட்டும் நாம் கொடுப்பதில்லை.