மீண்டும் முழங்கிய யந்திரங்கள்

பழம் பொருள்களைக் காப்பாற்றுவது என்றவுடன் நமக்குப் பொருட்காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. செப்பேட்டையும் நாணயத்தையும் அதில் வைத்துப் பூட்டிவிட்டால் போதும்; அவற்றுக்கு ஒரு குறைவும் நேராது. ஆனால் வீணையை அப்படிப் பூட்டி வைத்தால் அது வீணையாக இருக்குமா? வாசிக்க ஒருவரும் இல்லாத வீணை வெறும் பலாக் கட்டைதான். யந்திரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஓடும் வரையில்தான் அது யந்திரம். ஓட்டம் நின்றால் பழைய இரும்பு. அப்படிப் பழைய கட்டையாய்ப் போய்விட்ட ஒரு மோட்டார்ப் படகை, அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் பலர் கூடிப் பத்து வருஷம் பாடுபட்டு மறுபடியும் ஓட வைத்தார்கள். அந்த வரலாறு நம் வாசகர்கள் அறியத் தக்கது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்புறத்தில், மிஸிஸிப்பி நதி கடலை நெருங்கும் பிரதேசத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரம் இருக்கிறது. சதுப்பு நிலங்கள் சூழ்ந்த அந்தப் பகுதியில், ஆழமில்லாத நீரில் ஓடக்கூடிய படகுகளைக் கட்டிப் பெயர் பெற்றவர் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்பவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, துருப்புகளைக் கரையில் இறக்கும் படகுகளை அவருடைய தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. அங்கே 1943-ஆம் வருஷம் கட்டப்பட்டதுதான் ‘பி.டி. 305’ என்னும் டார்பிடோப் படகு.

அதன் நீளம் 78 அடி. உடல் முழுவதும் மரம். சாய்வாகப் பரப்பிய மஹாகனிப் பலகைகள் இரண்டு அடுக்கு. இரண்டுக்கும் நடுவே பசை தோய்ந்த துணி. யுத்தக் கப்பல் என்றால் இரும்புக் கவசம் என்று எண்ணுவோம். இந்தப் படகுக்கோ கவசம் வேகம் ஒன்றே. இருளில் எதிரியை அணுகி, டார்பிடோவை ஏவிவிட்டு, அவன் விழித்துக்கொள்வதற்குள் மறைந்துவிட வேண்டும். 1944, 1945-ஆம் வருஷங்களில் மத்தியதரைக் கடலில், இத்தாலி, பிரான்ஸ் தேசங்களின் கரைகளை ஒட்டி இப்படகு போர்த்தொழில் புரிந்தது.

அந்த வேகத்தைத் தந்தவை பாக்கார்ட் கம்பெனியார் செய்த மூன்று பெட்ரோல் யந்திரங்கள். ஒவ்வொன்றிலும் 12 ஸிலிண்டர்கள், ஆறு ஆறாக இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் பலமும் 1,200 முதல் 1,500 குதிரைச் சக்தி வரை. 1920-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஆகாய விமானத்துக்காக அமைத்த யந்திரத்திலிருந்து வளர்ந்தது இதன் அமைப்பு. மூன்றும் சேர்ந்து உறுமினால் படகு மணிக்குச் சுமார் 46 மைல் வேகத்தில் பறக்கும். அதற்கேற்ற பசியும் உண்டு: படகின் தொட்டிகளில் சுமார் 3,000 காலன் பெட்ரோலைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்தது. முடிந்ததும், இந்தப் படகுகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மர உடலைப் பராமரிப்பது செலவு. பெட்ரோல் வாங்கிக் கட்டாது. பிலிப்பைன் தீவுகளைச் சேர்ந்த ஸமார் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளிலிருந்து பயன்படும் சாமான்களைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தீக்கு இரையாக்கினார்கள். உயிர் தந்து காத்த கருவிகளுக்கு உலகம் வழக்கமாகச் செய்யும் மரியாதை இதுதான் போலும்!

பி.டி. 305 அந்தச் சிதையிலிருந்து தப்பியது. எப்படித் தப்பியது என்பதில்தான் இக்கதையின் சுவை இருக்கிறது. தனியாருக்கு விற்கப்பட்டு, நியூ யார்க்கில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. பிறகு செஸபீக் வளைகுடாவில் சிப்பி சேகரிக்கும் படகாயிற்று. அறுபத்தைந்து அடிக்கு மேற்பட்ட படகாயிருந்தால் கூடுதலான சர்க்கார் விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பதற்காக, அதன் பின்புறத்தில் சுமார் 13 அடியை அறுத்தே எறிந்தார்கள்! வீரப் படகுக்கு நேர்ந்த அவமானம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிப்பி சுமந்ததால் அல்லவோ அது எரியாமல் இருந்தது? சோறு போடும் பொருளை யாரும் கொளுத்துவதில்லை. பெருமையோடு அழிந்த படகுகள் பல. சிறுமைப்பட்டுப் பிழைத்தது இது.

2007-ஆம் வருஷம், நியூ ஆர்லியன்ஸில் உள்ள தேசிய இரண்டாவது உலக யுத்தப் பொருட்காட்சிசாலை இதைத் தன் பொறுப்பில் ஏற்றது. பிறந்த ஊருக்கே படகு திரும்பி வந்தது. ஆனால் வந்தது பாதி உடம்பு. வாலில்லை; யுத்த காலத்து மேற்கட்டுகள் இல்லை; பழைய யந்திரங்களும் இல்லை. பணம் கொடுத்து ஒரு கப்பல் பட்டறையிடம் ஒப்படைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கலாம். இங்கே வேலையை ஏற்றவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் செலவிட்ட நேரம் ஒரு லக்ஷம் மணிக்கும் அதிகம். பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டுப் பார்த்தால், ஒரே மனிதன் நாளைக்கு 8 மணி வீதம் வருஷத்தில் 300 நாள் உழைத்தாலும் 41 வருஷத்துக்கு மேல் ஆகும்! அறுபட்ட பின்புறத்தைப் புதிதாகக் கட்டினார்கள். உளுத்த மரத்தை நீக்கிப் புது மரம் சேர்த்தார்கள்.

மரத்தையாவது தச்சன் செய்துவிடுவான். யந்திரத்துக்கு எங்கே போவது? பாக்கார்ட் கம்பெனி மோட்டார் உற்பத்தியை 1958-லேயே நிறுத்திவிட்டது. இவ்வகைப் படகுகளை வாங்கியவர்களும், பெட்ரோல் யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, செலவு குறைந்த டீஸல் யந்திரத்தைப் பொருத்திக்கொண்டார்கள். ஆகவே மிஞ்சிய பாக்கார்ட் யந்திரங்கள் அபூர்வமாயின. எங்கெங்கோ தேடித்தான் மூன்றைச் சேர்க்க முடிந்தது.

கிடைத்த பழைய யந்திரத்தை எழுப்புவது, நெடுநாள் படுக்கையில் கிடந்த நோயாளியை நடக்கவைப்பது போன்ற காரியம். அவசரம் கூடவே கூடாது. வருஷக்கணக்காக நின்ற யந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் துருவேறி ஸிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே மின்சார விசையால் திருப்பினால் ஏதாவது ஒன்று ஒடியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஸிலிண்டரிலும் துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி, நாள் கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கையால், விரற்கடை விரற்கடையாக, அசைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்து வெடித்த ரப்பர்களை மாற்றவேண்டும். குழாய்களில் பிசினாய் உறைந்த பழைய பெட்ரோலைச் சுரண்டி எடுக்கவேண்டும். தண்ணீர் செல்லும் அறைகளை உப்பு அரித்திருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். ஓட்டுவதற்கு முன் எண்ணெயை வெளியிலிருந்து செலுத்தி, சுழலும் பாகங்கள் அனைத்தையும் நனைக்கவேண்டும். உலர்ந்த பேரிங்கு சில விநாடிகளிலேயே தேய்ந்து கெட்டுவிடும். முதல் முறை யந்திரம் இருமித் தும்மிக் கிளம்பும்போது, அனுபவசாலியின் கண் புகைபோக்கியின் மேல் இராது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளின் மேல்தான் இருக்கும். முள் எழவில்லையானால் அந்தக் கணமே நிறுத்திவிடுவான்.

இன்னோர் அபாயமும் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சிறு கசிவு ஏற்பட்டாலும் ஆவி மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கும். ஒரு பொறி போதும், படகே வெடிக்கும். ஆகையால் யந்திரத்தைக் கிளப்புமுன் அந்த ஆவியை விசிறியால் வெளியேற்றியாக வேண்டும். யுத்த காலத்து இளைஞர்கள் இதையெல்லாம் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் முதலில் மறைந்துபோகும் பொருள்.

இங்கே மற்றொரு படகையும் சொல்லாமல் இருக்க முடியாது. ஹிக்கின்ஸ் கட்டிய பி.டி. 658, யுத்தத்தில் புகுவதற்குள் யுத்தமே முடிந்துபோன படகு. ஆரிகன் ராஜ்யத்தில் போர்ட்லண்ட் நகரத்தில், இத்தகைய படகுகளில் பணி செய்த முதியவர்களே கூடி, அதைச் செப்பனிட்டு, பாக்கார்ட் யந்திரங்களையும் ஓட வைத்தார்கள். தாம் இளமையில் கற்றதை இளையவர்களின் கையில் கொடுத்தார்கள். கையில் என்றே சொல்லுகிறேன். ஏனெனில் இது காதில் கொடுக்கும் வித்தையல்ல. நட்டை எவ்வளவு முறுக்குவது என்று புத்தகம் கணக்குச் சொல்லும். யந்திரத்தின் முனகலில் எது இயல்பு, எது நோய் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவனே அறிவான்.

இதற்கு ஆக்ஷேபம் சொல்வோரும் இல்லாமல் இல்லை. இத்தனை புது மரம் சேர்த்தபின் அது பழைய படகு ஆகுமா என்பது ஓர் ஆக்ஷேபம். நம் ஊர்த் தேருக்கு அச்சும் சக்கரமும் எத்தனையோ முறை மாறியிருக்கின்றன. அதனால் அது வேறு தேர் என்று யாராவது வடத்தைக் கீழே போட்டதுண்டா? கிடைத்தற்கரிய யந்திரத்தை ஓட்டித் தேய்க்கலாமா என்பது மற்றோர் ஆக்ஷேபம். இது நியாயமான கேள்விதான். ஓடுகிற யந்திரம் தேயவே செய்யும். ஆனால் ஓடாமல் வைத்தால் இரும்பு மிஞ்சும். ஓட்டத் தெரிந்த மனிதர் மிஞ்சமாட்டார்கள். இரண்டில் எதை இழக்கத் துணிவது என்றால், இரும்பைத் தேய்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். உதிரிப் பாகம் ஒன்றைப் புதிதாக வார்த்துக் கொள்ளலாம். அற்றுப்போன கைப்பழக்கத்தை எந்த அச்சில் வார்ப்பது?

2016-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பி.டி. 305 பொருட்காட்சிசாலையை விட்டுப் புறப்பட்டு நீருக்குத் திரும்பியது. 2017-ஆம் வருஷ வசந்தத்தில், நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்கேயுள்ள பான்சார்ட்ரேன் ஏரியில் பொது ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. மூன்று பாக்கார்ட் யந்திரங்களும் ஒரே சமயத்தில் முழங்கின. கட்டணம் கொடுத்து ஏறியவர்களுக்கு அது ஒரு வேடிக்கைப் பிரயாணமாக இருந்திருக்கலாம். பத்து வருஷம் சனி ஞாயிறு பாராமல் உழைத்தவர்களுக்கோ அந்த முழக்கத்தின் பொருள் வேறு. கட்டியவர்களும் ஓட்டியவர்களும் பெரும்பாலும் மறைந்துவிட்ட பின்பும், அவர்கள் அறிந்த தொழில் மறையவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.