மொட்டை மாடியில் இரும்பும் ஈரமும்

சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் வீடுகளில் தனி அறை கிடைப்பது அரிதாகவும் மொட்டை மாடி கிடைப்பது எளிதாகவும் இருப்பதால், 2020 ஊரடங்கில் ஜிம்கள் மூடப்பட்டபோது பலர் வாங்கிய பார்பெல், பெஞ்ச், எடைத்தட்டுகள் முதலியன வெயிலிலும் மழையிலும் போய்ச் சேர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை கூரையுள்ள உலர்ந்த கூடங்களுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மாடியில் வைத்துத் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கருவிகளை விரைவாகக் கெடுப்பதும் பெரும்பாலும் அந்த எண்ணமே.

இரும்பு துருப்பிடிக்க மழை தேவையில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உண்மையில் உள்ளது என்ற கணக்கு, ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் உருவாகி, துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று உயர்கிறது. சென்னையின் காலைப்பொழுதுகள் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லைக்கு மேலேயே இருக்கின்றன. கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துகள்கள் உலோகத்தின் மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்வதுடன், அவற்றிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைக்கவும் செய்கின்றன. துருவேறா எஃகு எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதற்கு விலக்கன்று. சமையலறைப் பாத்திரங்களுக்கு உகந்த 304 வகை கடற்கரையில் பழுப்புப் புள்ளிகள் பூண்டுவிடும் என்பதால், மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே அங்கு விரும்பப்படுகிறது.

இந்தப் பின்னணியில்தான் தார்ப்பாயைப் பார்க்க வேண்டும். பகலில் சூடேறிய தளத்திலிருந்தும் ஈரமான ரப்பர் விரிப்பிலிருந்தும் எழும் நீராவி, வெளியேற வழியின்றி உறைக்குள் தங்கி, இரவில் குளிரும் எடைத்தட்டுகளின் மேல் துளித்துளியாகப் படிகிறது. மழைக்கு அஞ்சி நான்கு பக்கமும் கயிறு கட்டிய உறைக்குள், மழையே பெய்யாத பிப்ரவரியிலும் கருவிகள் நனைந்துகொண்டிருக்கும். எனவே மேலிருந்து விழும் நீரைத் தடுத்து, பக்கவாட்டில் காற்று புகுந்து வெளியேற இடம்விடும் கூரையே சரியான பாதுகாப்பு. உறை தவிர்க்க முடியாததாயின், அதன் கீழ் விளிம்பு தரையைத் தொடாமல் ஓர் அடி உயரத்திலாவது நிற்க வேண்டும்.

கருவிகளை அடுக்குமுன் தளம் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி எழுகிறது. கட்டட எடைகளைப் பற்றிய இந்தியத் தரநிலை 875-இன் இரண்டாம் பகுதி, ஆட்கள் ஏறிச்செல்லக்கூடிய தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடையையும், உடற்பயிற்சிக் கூடத்துக்கு 5 கிலோநியூட்டனையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. வீட்டு மாடி, ஜிம் தளத்துக்குரிய சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுக்கே வடிவமைக்கப்பட்டது என்பது இதன் பொருள். அசையாத எடையைவிடக் கீழே போடப்படும் எடை தரும் அதிர்ச்சி பல மடங்கு பெரிது என்பதால், தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கும் டெட்லிஃப்ட் முதலியவற்றில் எடையைக் கைவிட்டுப் போடும் பழக்கத்துக்கு மாடி ஏற்ற இடமன்று. பார்பெல்லைத் தாங்கும் ஸ்டாண்டை உத்திரத்தின் மேலோ சுவரை ஒட்டியோ அமைப்பதும், ஒட்டுப்பலகையும் ரப்பரும் அடுக்கிய மேடையால் சுமையைப் பரப்புவதும், பழைய கட்டடமாயின் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வதும் தேவை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தின் மேல் பதித்த தட்டோடுகளின் இணைப்பு ஒருமுறை விரிந்துவிட்டால், அதன் விளைவு அடுத்த ஐப்பசியில் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். தலைக்கு மேல் தொங்கிச் செய்யும் புல்-அப் கம்பியைக் கைப்பிடிச் சுவருக்கு அருகில் நிறுத்தவே கூடாது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வெளியில் நெடுநாள் நிற்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உக்ரைனின் கீவ் நகரில் ஒரு சான்று உண்டு. தினிப்ரோ ஆற்றுத் தீவிலுள்ள ஹைட்ரோபார்க்கில், சோவியத் காலத்தில் 1970-களில் கழிவு இரும்பைக் கொண்டு உருவான ‘கச்சால்கா’ என்னும் திறந்தவெளிக் கூடம், தடித்த இரும்புச் சட்டங்களாலும் எளிய நெம்புகோல் அமைப்புகளாலும் ஆனது. மெல்லிய குழாயும் நுட்பமான உருளைகளும் கொண்ட கருவி அங்கு நிலைத்திருக்காது. மாடிக்கும் இதே இலக்கணம் பொருந்துவதால், கடையில் வாங்கும் ஸ்டாண்டைவிடக் கிரில் பட்டறையில் சொல்லிச் செய்வது பல வேளைகளில் மேலானது. ஆனால் அங்கு ஒரு பிழை வழக்கமாகவே நேர்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது, 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும் அந்தப் பூச்சு இணைப்பைச் சுற்றி எரிந்துபோகிறது. அதாவது இரும்புக்குப் பதிலாகத் தான் அரிக்கப்பட்டு அதைக் காக்கும் உலோகம், மிகத் தேவையான இடத்தில் இல்லாமல் போகிறது. பற்றவைத்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசச் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும். குழாயின் அடிமுனையில் செருகப்படும் பிளாஸ்டிக் மூடியையும் கவனிக்க வேண்டும்: மேலுள்ள போல்ட் துளைகள் வழியே இறங்கும் நீர் குழாயினுள் தேங்கி, வெளிப்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உட்புறத்தைத் தின்றுவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு துளை ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பார்பெல்லில் துரு முதலில் தோன்றுவது பிடிக்காகச் சொரசொரப்பாக வெட்டப்பட்ட பகுதியில்தான். அந்த வைர வடிவ வெட்டுகளின் பள்ளங்களில் வியர்வையின் உப்பும் தோல்துகளும் சுண்ணப்பொடியும் சேர்ந்து, செம்பழுப்பு மாவாகப் படிந்திருப்பதை உள்ளங்கையே காட்டிக்கொடுக்கும். நைலான் தூரிகையால் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தபின், தையல் இயந்திர எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசித் துடைத்தெடுப்பது போதுமானது. தேங்காயெண்ணெய் நாள்பட்டால் தூசியுடன் சேர்ந்து பிசுபிசுக்கும். எளிதில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட உதவினாலும், மெல்லிய அதன் படலம் வெளியில் நீடிப்பதில்லை.

டிரெட்மில் முதலிய மின்கருவிகளைக் கூரை இருந்தாலும் மாடியில் வைப்பது வீண். பெஞ்சின் ரெக்ஸினுக்கு அடியில் பின் அடித்த துளைகள் வழியாக நீர் ஏறி, பஞ்சும் பலகையும் ஊறிவிடுவதால், அதைப் பயிற்சிக்குப் பின் கீழே கொண்டுபோவதே நல்லது. கேபிள் கருவிகளில் ஆபத்து மறைந்திருக்கிறது: எஃகுக் கம்பியின் மேலுள்ள நைலான் உறை முனையருகே வெடித்தால், உள்ளே புகும் நீர் இழைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் அரித்து, ஒருநாள் எடையேறிய நிலையில் கம்பி அறுந்துவிடும்.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயல் காட்டியதுபோல, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சரியாகப் பிணைக்காத தகட்டுக் கூரை அண்டை வீட்டாருக்கும் ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்ததும் உறைகளை அவிழ்த்து, விரிப்புகளையும் உதிரிகளையும் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். பயிற்சிக்கு வைத்திருக்கும் பழைய லாரி டயர் இன்னொரு பொறுப்பு. அதன் உட்பள்ளத்தில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வார அளவில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடுவதால், அடியில் துளையிடாத டயரை மாடியில் வைக்கவே கூடாது.

கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வசிப்போர், ஸ்டாண்டை மேலே விட்டுவிட்டு பார்பெல்லை அன்றன்று வீட்டுக்குள் கொண்டுவருவதே எந்த உறையையும்விடச் செலவு குறைந்த காப்பு. ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பி படிக்கட்டின் திருப்பத்தில் திரும்புமா என்பதை மட்டும் வாங்குமுன்பே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.