பெயர்ப்பலகைக்காரரும் ஐந்து டொலர்ச் சித்திரமும்

கண்டி நகரின் தலதா வீதியிலும் கொழும்பு வீதியிலும் நடந்து செல்வோர், கடைகளைக் காணுமுன் அவற்றின் பெயர்ப்பலகைகளையே காண்கின்றனர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூவகை எழுத்துக்களும் ஒரே பலகையில் இணைந்து நிற்பது இங்கே பழகிப்போன காட்சி. ஆயினும், அப்பலகைகளை ஆக்கித் தருவோரைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. அவர்களுடைய பிழைப்பு இன்று பெருஞ் சோதனைக்குள்ளாகியிருக்கிறது.

முன்னாளில் பலகைக்காரர் சுண்ணக்கட்டியாற் கோடிழுத்து, தூரிகையும் எனாமல் வர்ணமுங் கொண்டு எழுதினார். பின்னர் வந்த பிளாஸ்டிக் துணி அச்சு, நாட்கணக்கான வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது. சிறு தொழிலாளர் பலர் தூரிகையை வைத்துவிட்டுக் கணினியைக் கற்றனர். சோதனை அதனோடும் தீரவில்லை. 2010ஆம் ஆண்டில் இஸ்ரேலில் தொடங்கிய பைவர் என்னும் இணையச் சந்தை, ஐந்து டொலரிலிருந்து வேலைகளை ஏற்கலாயிற்று. 2013இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த கன்வா, வரையத் தெரியாதவரும் ஆயத்த மாதிரிகளைக் கொண்டு இலவசமாகச் சித்திரம் அமைக்க வழி செய்தது. கடை வாடகையும் மின்கட்டணமும் செலுத்தும் ஒரு சிறு தொழிலாளி இவற்றோடு விலையிற் போட்டியிடுவது எங்ஙனம்?

விலையிற் போட்டியிடாதிருப்பதே நன்று என்பது எமது அபிப்பிராயம். காரணம் கூறுவோம்.

மாணவர் விழாவொன்றுக்காக இணையவழி மலிவாகப் பெற்ற பதாகையொன்றை நாம் ஒருமுறை விரித்துப் பார்த்தோம். வர்ணங்கள் அழகாயிருந்தன, தமிழோ சிதைந்து கிடந்தது. 'கொ' என்பதில் ககரத்துக்கு முன் நிற்கவேண்டிய கொம்பு பின்னே நின்றது. யூனிகோட் முறையிற் கணினி மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கின்றது. கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. அதற்கு அமையாத மென்பொருளில் எழுத்து இடம் மாறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களோ, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய் மாறும். தமிழறியாத தொலைதேசத்து ஓவியர் இப்பிழைகளை எவ்வாறு காண்பார்?

அப்பதாகையை ஓரிரவிற் புதிதாக்கித் தந்தவர் நகரிலுள்ள ஒரு சிறு பலகைக்காரரே. நாம் கவனியாத மற்றொரு குறையையும் அவர் சுட்டினார்: எழுத்து மிகச் சிறிது. ஓரங்குல உயர எழுத்தைப் பத்தடித் தூரத்திலிருந்து நன்கு வாசிக்கலாம் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. நாற்பதடிக்கு அப்பால் நிற்பவருக்கு நான்கங்குல எழுத்தாயினும் வேண்டும். இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் தூரத்தில் ஒன்றுபோற் கலங்குமாதலின், தமிழுக்கு இன்னுஞ் சற்றுத் தாராளமாக இடமளித்தல் நலம். கைத்தொலைபேசித் திரையில் அழகாயிருப்பது வீதியில் வாசிக்க முடியாததாகலாம். சுவரின் உயரத்தையும், வெயில் விழும் பக்கத்தையும், மழைச் சாரலையும் நேரில் வந்து பார்ப்பவரே அறிவார்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், பொதுவிடப் பலகைகளில் தமிழ் பிழைபட நிற்பதை நாம் இன்னும் காண்கின்றோம். சட்டம் மொழிக்கு இடம் தரும். அவ்விடத்தில் எழுத்தைப் பிழையின்றி நிறுத்துவது தொழிலாளியின் கை.

ஆதலின், பலகைக்காரர் தம் அறிவுக்கு விலை கூறட்டும். இடம் பார்த்து அளத்தல், மும்மொழியிலும் பிழை திருத்தல், பொருத்துதல், பழுது நீக்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கூலி குறிக்கட்டும். வாடிக்கையாளர் தாமே அமைத்த சித்திரத்தைக் கொண்டுவரின் முகஞ் சுளியாது வாங்கி, அதைச் செப்பஞ் செய்வதற்குரிய கூலியைக் கேட்கட்டும். மும்மொழி எழுத்தையும் கணினியையும் ஒருங்கே கற்கும் மாணவருக்கு இத்தொழிலில் இன்னும் இடமுண்டு.

கடை திறப்போரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பலகையிற் பல்லாண்டு நிற்கப்போவது தம் பெயர். அதைப் பிழையின்றி எழுதும் கைக்குச் சில ஆயிரம் ரூபா கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகுமா?